ஒருவருமில்லாத ஊரில் ஆறு நாள்

2009 ஓகஸ்ட் 3 – 1,184 யூரோ – இலண்டன், கலியாணம்.
2010 ஜூலை 19 – 962 யூரோ – ஸ்ருட்காட், சாமத்தியவீடு.
2011 டிசம்பர் 21 – 3,470 யூரோ – ரொறன்ரோ, கலியாணம்.
2012 ஓகஸ்ட் 6 – 640 யூரோ – பேர்ண், செத்தவீடு.
2013 ஓகஸ்ட் 5 – 1,215 யூரோ – இலண்டன், கலியாணம்.
2014 மார்ச் 10 – 4,310 யூரோ – யாழ்ப்பாணம், அந்தியேட்டி.
2015 ஜூலை 20 – 1,090 யூரோ – டென்மார்க், சாமத்தியவீடு.
2016 ஜூலை 18 – 1,330 யூரோ – இலண்டன், குடிபூரல்.

கோசலை எட்டு ஆண்டுகளில் எடுத்த விடுமுறைகள் இவ்வளவுதான். இவற்றில் எதையும் அவள் குறை சொன்னதில்லை. போன இடமெல்லாம் அன்பாகத்தான் வரவேற்றார்கள். ஆனால் பெட்டியை வைத்து, முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் யாராவது ஒருத்தி, "கோசலை வந்திட்டாள், இனிப் பயமில்லை" என்று சொல்லிக் கையில் ஒரு கத்தியைத் தந்துவிடுவாள். அவளுடைய கைப்பக்குவத்தின் பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. ரொறன்ரோவில் பதினாறு நாள் நின்றவள் அந்த நகரத்தைப் பார்த்தது நிலக்கீழ்ச் சமையலறையின் சின்னச் சன்னல் வழியாகத்தான். அதில் தெரிந்தவை வந்துபோகிறவர்களின் சப்பாத்துகளும் அவை மிதித்துக் கறுத்த பனியும்.

பாரிஸில் அவளுக்கு வேலை, வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில். நாளுக்குப் பதின்மூன்று அறை. படுக்கை விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு வரவேண்டும். இருபத்தொரு வருடமாக அந்த வேலை. கணவர் இராஜேந்திரன் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் காசாளர். மகள் துஷாந்திக்கு ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மூன்று பேரும் மார்க்ஸ் டோர்மோயில், நாலாம் மாடியில், வாடகை வீட்டில் இருந்தார்கள்.

2016 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, பத்து மணி இடைவேளையில் ஹோட்டலின் நிலக்கீழ்ச் சலவை அறையில் இருந்து கோசலை பாண் தின்றுகொண்டிருந்தாள். அறை துப்புரவுக்காரருக்கெல்லாம் மேலாளராக இருந்த ஜெனவியேவ் அன்றுதான் விடுமுறை முடிந்து வந்திருந்தாள். ஒவ்வொரு ஜனவரியும் ஒரு கிழமை காணாமல்போவாள். எங்கே போகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. அன்று அவளாகவே கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள்.

படம் முழுக்க நீலம். வானமும் நீலம், நிலமும் நீலம், நடுவில் இருந்த கடலும் நீலம். மூன்றும் ஒரே துணியில் வெட்டியவை போலிருந்தன. ஒரு மரக்குடிலின் சன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். அதற்கு முன்னால் பனி, ஒரு காலடிகூடப் படாத பனி.

"இது பின்னேரமா?" என்று கோசலை கேட்டாள்.

"பகல் பதினொன்று நாற்பது."

"வெயில் எங்கே?"

"இது நோர்வேயின் வடகோடி. இரண்டு மாதத்துக்குச் சூரியன் வராது. இதுதான் அங்கே பகல்."

கோசலை படத்தை மறுபடியும் வாங்கிப் பார்த்தாள். சூரியன் வராத ஒரு பகலை அவள் அதுவரை யோசித்தும் பார்த்ததில்லை. பிறகு, ஊர்ப்பெயர் எதைக் கேட்டாலும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

ஜெனவியேவ் சிரித்தாள். "ஒருவருமில்லை. அதற்காகத்தானே போகிறேன்."

கோசலைக்கு அந்தப் பதில் விளங்க அரை நாள் பிடித்தது. ஒருவருமில்லாத இடத்துக்கு ஒரு மனுஷி காசு கொடுத்துப் போகலாம். போய்ச் சும்மா இருந்துவிட்டு வரலாம். கடைசி அறையின் விரிப்பை இழுத்து மடக்கும்போது, வேறு யாரோ விரித்த கட்டிலில் தான் எப்போதாவது படுத்திருக்கிறாளா என்று எண்ணிப் பார்த்தாள். இரண்டு பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி நாட்களைத் தவிர வேறு நினைவுக்கு வரவில்லை. அவற்றிலும் ஒரு பிள்ளை தங்கவில்லை.

அந்த ஜூலையில் இலண்டன் குடிபூரல். புது வீட்டின் புது அடுப்பில் முதல் முதல் வடை சுட்டது கோசலைதான். எண்ணூற்று நாற்பது வடை. திரும்பி வரும் ரயிலில், கடலுக்கடியில் சுரங்கத்தின் இருட்டு வந்தபோது, வெங்காயம் மணக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த கணவரிடம் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, அடுத்த வக்கான்ஸ் லீவுக்கு நான் ஆருமில்லாத இடத்துக்குப் போகப்போறன்."

"ஆருமில்லாத இடமோ? எங்கடை சனம் இல்லாத இடம் இந்த உலகத்திலை எங்கையப்பா இருக்கு?"

"வடக்கை இருக்கு. சூரியனே வராதாம்."

"சூரியன் வராட்டி எங்கடை சனமும் வராது எண்டு நினைக்கிறீரோ?" என்று சிரித்தவர், திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அப்படியே விட்டுவிட்டார்.

"நான் பகிடிக்குச் சொல்லேல்லை. ஒரு கிழமை. ஒருதற்றை குசினிக்குள்ளையும் போகமாட்டன். ஒருதருக்கும் நான் மாமியுமில்லை, மச்சாளுமில்லை, பெரியம்மாவுமில்லை. ஆனால் ஒண்டு. இதை ஒருதருக்கும் சொல்லக்கூடாது."

"சத்தியமாச் சொல்லமாட்டன்."

"காசு மேசையிலை இருந்துகொண்டு உங்கடை வாய் சும்மா இருக்காது."

"சத்தியம் எண்டுறன்."

அந்த இலையுதிர் காலம் முழுக்க இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் நோர்வே வரைபடம் விரிந்தது. மூன்று பேரும் இடத்தைத் தேடிய முறை விசித்திரமானது. நல்ல இடம் எது என்று அவர்கள் பார்க்கவில்லை. ஆள் இருக்கிற இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போனார்கள். ஒஸ்லோவில் இராஜேந்திரனின் சித்தப்பா மகன். வெட்டு. பேர்கனில் அவரோடு படித்தவர். வெட்டு. துரொம்சோவில் யாருமில்லை என்று சந்தோஷப்பட்ட நேரத்தில், தமிழ்ப் பிள்ளைகள் பனிக்குள் ஓட்டப்போட்டி வைத்த படம் ஒன்றைத் துஷாந்தி கணினியில் கண்டுபிடித்தாள்.

"வுவாலா, பாருங்கோ," என்றாள். "அம்மா, நீங்கள் துருவத்துக்கு ஏறினாலும் அங்கை ஒரு அங்கிள் நிப்பார்."

விரல் இன்னும் மேலே, இன்னும் கிழக்கே போய், நிலம் முடிகிற இடத்தில் நின்றது. வாட்சோ. வராங்கர் குடாவின் வடகரையில் ஒரு சிறு துறைமுகம். ஊரிலிருந்து நாலு கிலோமீற்றர் தள்ளி, கடலைப் பார்த்த ஒரு மரக்குடில் வாடகைக்கு இருந்தது. சொந்தக்காரன் ஒரேயொரு நிபந்தனை எழுதியிருந்தான்: விறகைக் கொட்டகையிலிருந்து நீங்களே எடுத்துவர வேண்டும். கோசலை அந்த வரியைத் துஷாந்தியிடம் இரண்டு தரம் மொழிபெயர்க்கச் சொன்னாள். வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லையா என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

இருந்த தடை விடுமுறை. ஜனவரியில் பாரிஸில் வர்த்தகச் சந்தைகள் நடக்கும், ஹோட்டல் நிறைந்துவிடும். அந்த மாதத்தில் ஒரேயொருத்திக்குத்தான் லீவு. அது பதினெட்டு வருடமாக ஜெனவியேவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கோசலை கூச்சத்தோடு விஷயத்தை அவளிடம் சொன்னாள். வந்த ஜனவரிக்கு ஜெனவியேவ் ஏற்கெனவே சீட்டு எடுத்திருந்தாள். அதற்கடுத்த வருடப் பதிவேட்டைத் திறந்து, 2018 ஜனவரி 14 முதல் 20 வரை இருந்த தன் பெயரை வெட்டிக் கோசலையின் பெயரை எழுதினாள்.

"ஒரு வருடம் நான் போகாவிட்டால் அந்தப் பனி உருகிவிடாது. ஆனால் இது ஒரு தரம்தான். அடுத்த வருடம் தரமாட்டேன்."

ஆக, கோசலைக்கு வாய்த்தது ஆறு இரவு. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

குடிலுக்கு முற்பணம் கட்டியாயிற்று. 2017 டிசம்பர் 1 வரை ரத்துச் செய்தால் முழுக் காசும் திரும்பக் கிடைக்கும். முற்பணம் கட்டிய கையோடு இராஜேந்திரன் குளிரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினார். ஈரத்தலையோடு வெளியே போனால் மயிர் குச்சியாக நிற்கும். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட்டால் இமையில் வெண்மை கட்டும். வாசிக்க வாசிக்க அவருக்கும் பிரமிப்புப் பிடித்துவிட்டது. வாசித்தது போதாமல், பரீட்சித்துப் பார்க்க ஆசை வந்தது. அங்கேதான் காரியம் பிழைத்தது.

கடையின் பின்பக்கம் மீன் வைக்கிற குளிரறை இருந்தது. மைனஸ் பதினெட்டு. 2017 ஜனவரி 18, புதன்கிழமை மத்தியானம், புதிதாக வாங்கிய குளிரங்கியையும் கம்பளித் தொப்பியையும் போட்டுக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, அவர் அந்த அறைக்குள் போய் நின்றார். பத்து நிமிடம். வெளியே வந்தபோது மீசை வெளுத்திருந்தது. வாசலில் நீக்கிலாஸ் நின்றான். மன்னார்க்காரன். ஓல்னேயிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் மீன் வாங்க வருகிறவன்.

"என்ன அண்ணை, மீனோடை மீனாக் கிடந்தனீங்களோ?"

"பழகிறன் தம்பி."

"என்னத்துக்கு? முதலாளி பத்ரோன் உங்களையும் கிலோக் கணக்கிலை விக்கப்போறாரோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இராஜேந்திரனுக்கு ரோசம் வந்தது. "சிரியுங்கோ, சிரியுங்கோ. இது மைனஸ் பதினெட்டு. நாங்கள் போற வாட்சோவிலை மைனஸ் இருபத்தைஞ்சு!"

சொல்லி முடித்தபிறகுதான் வாயைப் பொத்தினார்.

"வாட்சோவோ?" நீக்கிலாஸின் கண் விரிந்தது. "என்ரை பெரியண்ணை அந்தப் பக்கம் மீன் ஃபக்டரியிலை ஆறு வருசம் நிண்டவர். ஆர் இருக்கினம் எண்டு கேட்டுச் சொல்லுறன்."

"ஐயோ தம்பி, ஒருதரும் வேண்டாம்."

"அதெப்பிடி அண்ணை? ஒரு ஆளும் இல்லாமல் அந்தக் குளிருக்கை உங்களை விட ஏலுமோ? நான் இருக்கிறன். நீங்கள் பேசாமல் இருங்கோ."

நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கடை நிறையச் சனம் நிற்கும் நேரத்தில், நீக்கிலாஸ் ஒரு துண்டுக் கடதாசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். "அண்ணை, ஆள் மட்டுமில்லை, உங்கடை சொந்தமே இருக்கு!"

பெயர் பூரணி. வயது அறுபத்தெட்டு. இராஜேந்திரனின் தாயாருடைய ஒன்றுவிட்ட அக்காவின் மகள். முறைக்கு அவருக்கு அக்கா, கோசலைக்கு மச்சாள். வாட்சோவிலேயே இருபத்தேழு வருடமாக இருக்கிறா. மீன் ஃபக்டரி இரைச்சலில் காது போய்விட்டதால் தொலைபேசி சரிவராது, கடிதம்தான். நீக்கிலாஸின் அண்ணன் ஏற்கெனவே தகவல் அனுப்பிவிட்டார். கடையில் நின்றவர்கள் இராஜேந்திரனுக்குக் கைகொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போய் அவர் சொன்னபோது கோசலை அடுப்பிலிருந்த ரசத்தை இறக்கி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். கதிரையை இழுத்து இருந்தாள்.

"வரைபடத்திலை நிலம் முடியிற இடம் மட்டும் போனன்," என்றாள். "அங்கையும் ஒரு மச்சாளைக் கொண்டந்து வைச்சிட்டீங்கள்."

"பிழைதான். ஆனால் கோசலை, அக்கா வீடு இருக்க நாங்கள் வாடகைக் குடிலிலை நிண்டால் ஊர் என்ன சொல்லும்?"

"எந்த ஊர்?"

குடிலை ரத்துச் செய்யவா என்று அவர் மெல்லக் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பூரணியின் முதல் கடிதம் பெப்ரவரி 14 வந்தது. கோடிட்ட கொப்பித் தாள், நிமிர்ந்த எழுத்து. அறை ஆயத்தம், கம்பளி ஆயத்தம், ஆறு நாள் காணாது, பதினைந்து நாள் நிற்கவேண்டும் என்று எழுதியிருந்தா. கோசலை அதை ஒரு தரம் வாசித்து, மேசை லாச்சிக்குள் வைத்தாள். பதில் எழுதியவர் இராஜேந்திரன். என்ன எழுதுவதென்று தெரியாமல், குளிர் எப்படி என்று கேட்டு எழுதினார்.

அதற்கு ஏப்ரல் 6 இரண்டாவது கடிதம் வந்தது. அன்று கோசலை வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமலே, சமையலறைச் சன்னலோரம் நின்று அதைச் சத்தமாக வாசித்தாள்.

"தம்பி, குளிரைக் கேட்டிருந்தாய். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. இருட்டுக்குத்தான் ஒன்றும் இல்லை. அகதியாகப் பதிந்தவர்களைப் பிரித்து அனுப்பியபோது என்னை இங்கே அனுப்பினார்கள். நான் வந்து இறங்கியது 1989 டிசம்பர் 4, பகல் பதினொன்றரை மணி. வெளியே தெருவிளக்குகள் எரிந்தன. நேரத்தைப் பிழையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் பார்த்தேன். பத்து மணிக்கு ஒரு நீலம் வரும், ஒரு மணிக்குப் போய்விடும். அவ்வளவுதான். யாரையும் கேட்க மொழி இல்லை.

"இரவில் சில நாள் வானத்தில் பச்சை வெளிச்சம் வரும். யாரோ பெரிய சேலையை உதறிக் காயப்போடுவதுபோல அசையும். இப்படி உதறினால் ஒரு சத்தம் வரவேண்டுமே, எனக்குக் காது கேளாததால்தான் கேட்கவில்லை என்று பிற்காலத்தில் யோசித்து, காது கேட்கிற ஆட்களிடம் விசாரித்தேன். அவர்களுக்கும் கேட்பதில்லையாம்.

"தை முதலாம் நாள் வந்தது. கிழக்கு எது என்று ஃபக்டரி மேற்பார்வையாளனிடம் கைப்பாஷையில் கேட்டேன். அவன் பின்பக்கக் குன்றைக் காட்டினான். விடியப்புறம் பனிக்குள் மூன்று கல்லு வைத்து, அந்தக் குன்றைப் பார்த்துப் பொங்கினேன். பால் பொங்கியது. சூரியன் வரவில்லை. சூரியன் இல்லாமல் பொங்கிய பொங்கலை யாருக்குப் படைப்பது? அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அது கல்லாகிவிட்டது.

"மூன்றாம் நாள் மத்தியானம், ஃபக்டரியில் எல்லோரும் திடீரென்று கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து நானும் ஓடினேன். எல்லோரும் கிழக்கை விட்டுவிட்டுத் தெற்கைப் பார்த்து நின்றார்கள். கடலுக்கு அப்பால், மலை விளிம்பில், ஒரு நகத்தளவு சிவப்பு. நாலு நிமிடம் இருந்திருக்கும். ஒருவரும் பேசவில்லை. கிழடுகள் தொப்பியைக் கழற்றினார்கள். நான் குனிந்து பார்த்தேன். என் நிழல் பனியில் முப்பது அடிக்கு நீண்டு கிடந்தது. ஆறு கிழமையாக எனக்கு நிழல் இல்லாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"அன்று தொடக்கம் எனக்குப் பொங்கல் தை முதலாம் திகதியில் இல்லை. சூரியன் வருகிற நாளில்தான். வானம் வெளித்திருந்தால் ஜனவரி 17 அளவில் வரும்."

வாசித்து முடித்த கோசலை தாளைக் கீழே வைக்கவில்லை. இராஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துஷாந்தி அறை வாசலில் நின்றாள். அவளுக்குத் தமிழ் முழுக்க வாசிக்க வராது, கேட்டால் விளங்கும். "ஆறு கிழமை நிழல் இல்லாமலோ?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் ஹோட்டலில், முதலாம் அறையின் சன்னல் திரையைக் கோசலை இழுத்தபோது வெயில் விழுந்து, அவள் நிழல் வெள்ளை விரிப்பின்மேல் கிடந்தது. கையை அசைத்துப் பார்த்தாள். அதுவும் அசைந்தது. ஐம்பத்தாறு வருடமாகத் தன்னோடு வந்த ஒன்றை அவள் அன்றுதான் கவனித்தாள். அன்று பதின்மூன்று அறை முடிய அரை மணிநேரம் பிந்தியது.

அதன் பிறகு அந்த வடக்கு அவளுக்கு வேறொன்றாகிவிட்டது. முதலில் அவள் கேட்டது ஒரு கிழமை சும்மா இருக்க இடம். இப்போது அவளுக்கு அந்த நாலு நிமிடம் வேண்டும். பதினேழாம் திகதி அவர்கள் எடுத்த ஆறு நாளுக்குள் விழுந்திருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அந்தச் சூரியனுக்கு முன்னால் தான் யாருடைய மாமியாகவும் இல்லாமல், கையில் அகப்பை இல்லாமல், வாயைத் திறக்காமல் நிற்கவேண்டும் என்று அவள் மனம் முடிவுகட்டிவிட்டது. ஆனால் அந்தச் சூரியனைக் கண்டு சொன்னவளே மச்சாள்தான். அவளை எப்படி வேண்டாம் என்பது?

கோடையில் ஸ்ருட்காட்டில் ஒரு கலியாணம் வந்தது. கோசலை போகவில்லை. நாரி வலி என்று சொல்லியனுப்பினாள். "அப்ப வடைக்கு ஆர்?" என்று மூன்று பேர் தொலைபேசியில் கேட்டார்கள்.

மூன்றாவது கடிதம் செப்ரெம்பர் 21 வந்தது. பூரணியின் சந்தோஷம் எழுத்திலேயே தெரிந்தது. பக்கத்துத் துறைமுகங்களில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அறிவித்தாயிற்று. பதினாலாம் திகதி இரவு புட்டும் மீன்குழம்பும். பதினாறாம் திகதி எல்லோரும் வந்து கூடுவார்கள். பதினேழாம் திகதி இருபத்தாறு பேருக்குப் பொங்கலும் வடையும். கடைசி வரி இது: "மச்சாள், உம்முடைய கைப்பக்குவத்தைப் பற்றி இங்கேயும் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். நீர் வந்தால் எனக்கு இனிப் பயமில்லை."

கோசலை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்தாள்.

"பிழை என்ரை," என்றார் இராஜேந்திரன். "நான் எழுதிறன். எனக்குச் சுகமில்லை, வரேல்லை எண்டு."

"பிறகு குடிலுக்குக் களவாப் போறதோ? நாலாயிரம், அஞ்சாயிரம் சனம் இருக்கிற ஊரிலை ரெண்டு கறுத்த முகம் தெரியாமப் போகுமோ?"

"அப்ப என்ன செய்யிறது?"

"நான்தான் எழுதோணும். உள்ளதை எழுதோணும்."

"மச்சாளுக்கு உள்ளதை எழுதிறதோ?" அவர் உண்மையாகவே பயந்துபோனார். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் இரண்டு பக்கத்திலும் யாரும் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. வரமுடியாது என்று சொல்லலாம். அதற்குக் காய்ச்சல், லீவு, விசா என்று ஆயிரம் காரணம் இருக்கிறது. வர விருப்பமில்லை என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. சொன்னால் அந்தக் கடிதம் இலண்டன் போகும், ரொறன்ரோ போகும், பத்து வருடம் நின்று பேசும்.

கோசலை நாலு தாளைக் கிழித்தாள். ஐந்தாவதை ஒக்ரோபர் 30, திங்கட்கிழமை, லா சப்பல் தபாற்கந்தோரில் தானே கொண்டுபோய்ப் போட்டாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"மச்சாள், நீங்கள் எழுதின சூரியனை நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். அதைப் பார்க்கத்தான் வருகிறேன். ஆனால் நான் எங்கே போனாலும் குசினிக்குள்தான் நின்றிருக்கிறேன். இந்த ஒரு தரம் என்னை ஒருவருக்கும் தெரியாத இடத்தில் நின்று பார்க்க விருப்பம். உங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்குக் கோபம் வந்தால் நியாயம். அப்படியென்றால் சொல்லுங்கள், நாங்கள் வாட்சோவுக்கே வரமாட்டோம். உங்கள் ஊருக்கு வந்து உங்களை அவமதிக்க மாட்டேன்."

பிறகு காத்திருந்தார்கள். தொலைபேசி அடித்தால் இராஜேந்திரன் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். ஆனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழமை போனது, இரண்டு போனது. ஜெனவியேவ், "தயாரா?" என்று கேட்டாள். கோசலை, "இன்னும் ஒரு கடிதம் வரவேண்டும்" என்றாள். ஜெனவியேவுக்கு விளங்கவில்லை. விடுமுறைக்குப் போக யாரிடமிருந்து கடிதம் வரவேண்டும்?

நவம்பர் கடைசி வந்துவிட்டது. வாட்சோவில் சூரியன் போயிருக்கும் என்று கோசலை கணக்குப் பார்த்தாள். குடிலை ரத்துச் செய்ய மூன்று நாள் இருந்தபோது, படிக்கட்டின் கீழிருந்த தபாற்பெட்டியில் கோடிட்ட தாள் மடித்த உறை கிடந்தது. நாலு மாடி ஏறும் பொறுமை அவளுக்கு இல்லை. படியிலேயே இருந்து வாசித்தாள்.

"மச்சாள், உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. அன்று முழுக்க யன்னலுக்கு முன்னால் இருந்தேன். இரண்டாம் தரம் வாசித்தபோது வெட்கம் வந்தது. மூன்றாம் தரம் வாசித்தபோது எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அதை உமக்கு மட்டும் எழுதுகிறேன்.

"இங்கே வந்த முதல் வருடம் மற்றத் தமிழ்க் குடும்பங்கள் வரவில்லை. அவர் ஊரிலேயே செத்துப்போனார், பிள்ளைகள் இல்லை. என்னிடம் ஒரு கோப்பை, ஒரு கரண்டி, ஒரு சட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் பனியில் நடந்து நடந்து போவேன். எங்கே போனாய், என்ன தின்றாய் என்று கேட்க ஆளில்லை. எல்லோரும் என்னைப் பாவம் என்று நினைத்தார்கள். மச்சாள், அப்படி ஒரு வருடம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு சனம் வந்தது, நானும் சமைக்கத் தொடங்கினேன். இதைச் சொன்னால் விசர் என்பார்கள் என்று இருபத்தெட்டு வருடமாகச் சொல்லவில்லை.

"இருபத்தாறு பேருக்கும் நீங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். விமானச் சீட்டில் பிழை என்றேன். பொய்தான், பொறுப்பை நான் எடுக்கிறேன். குடில்காரனை எனக்குத் தெரியும். காய்ந்த விறகாக அடுக்கச் சொன்னேன். நீர் யார் என்று அவனுக்குச் சொல்லவில்லை. நீங்கள் நிற்கிற ஆறு நாளும் அந்த றோட்டுப் பக்கம் நான் வரமாட்டேன். கடைக்குள் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கட்டை மனுஷியைக் கண்டால் கதைக்கத் தேவையில்லை. நானும் நோர்வேக்காரி மாதிரிக் கடந்து போவேன்.

"ஒடியல் மா இரண்டு பைக்கற் கொண்டுவந்தால் விறகுக் கொட்டகைக்குள் வைத்துவிட்டுப் போம். நீங்கள் விமானம் ஏறின பிறகு எடுக்கிறேன்."

கோசலை தாளை மடித்தாள். கைப்பிடியைப் பிடித்து எழுந்தவள், மேலே நாலாம் மாடியில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த கணவரைப் படியில் நின்றே கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்தக் குடில் இருக்கட்டும்."

பயணத்துக்கு முன் பூரணியிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் அது. வந்த நாள்: 2017 நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை.